உடையலைக் கரையில் விங் ஃபாயில்: முட்டுக்காடு முதல் ஆலம்பரை வரை

மாமல்லபுரம் கடலில் விங் ஃபாயில் கற்றுக்கொள்ள வராதீர்கள், கற்றுக்கொண்டு வாருங்கள். இந்த அத்தியாயத்தில் வேறு எது மறந்துபோனாலும் இது நினைவில் இருக்கட்டும். முட்டுக்காட்டில் தொடங்கி ஆலம்பரைக் கோட்டை வரை, ஏறக்குறைய 70 கிலோமீட்டருக்கு, செங்கல்பட்டு மாவட்டத்தின் கரை பெரிய வளைவு ஏதும் இல்லாமல் கிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. அலையைத் தடுக்க எதிரே ஒரு தீவு கிடையாது. ஒதுங்கி நிற்க விரிகுடா கிடையாது. தெற்கிலிருந்து வரும் பெரிய அலையில் ஒரு பகுதியை இலங்கை மறைத்துக்கொள்கிறது. தென்கிழக்கிலிருந்து கிளம்பியது நேராக வந்து நம் மணலில்தான் உடைகிறது. பறக்கத் தெரிந்தவருக்கும் இங்கே சோதனை முதல் ஐம்பது மீட்டர்தான்.

விங் ஃபாயில் என்பதை முதன்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் காற்றடைத்த ஒரு சிறகு. அது போர்டோடு இணைக்கப்பட்டிருக்காது. இரண்டு கையாலும் நாம்தான் பிடித்திருக்க வேண்டும். காலடியில் ஒரு குட்டையான போர்டு. போர்டின் அடியில் முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு தண்டு, அதை மாஸ்ட் என்கிறோம். மாஸ்ட்டின் நுனியில், நீருக்குள், விமானத்துக்கு இருப்பதுபோல் முன்னிறக்கை ஒன்று, பின்னிறக்கை ஒன்று. மாஸ்ட்டும் இறக்கைகளும் சேர்ந்ததுதான் ஃபாயில். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் ஒரு முறத்தின் அகலம்கூட இல்லாத அந்த இறக்கை, கொஞ்சம் வேகம் வந்ததும் ஓர் ஆளைப் போர்டோடு நீருக்கு மேலே தூக்கிவிடுகிறது. நீரடி இறக்கையில் மிதக்கும் கலங்கள் நூறு ஆண்டுக்கு முந்தைய சங்கதி. தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லின் குழு கட்டிய அத்தகைய படகு 1919இல் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகம் தொட்டது. கைச்சிறகோடு சேர்ந்த இன்றைய விளையாட்டுக்கான சாமான்கள் கடைக்கு வந்தது 2018, 2019 வாக்கில்தான்.

கடலும் சர்ஃபிங்கும் இங்கே புதியவை அல்ல. கோவளத்தில் மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் தானே அலையேறக் கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து, பாய்ப்பலகை வீரரான அருண் வாசுவின் துணையோடு 2012இல் பள்ளி தொடங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். விங் ஃபாயிலுக்கு வருகிறவர்கள் முதலில் இந்தக் கரையின் சர்ஃபிங் பள்ளிகளில் ஏதாவது ஒன்றில் சில நாட்கள் வெறும் சர்ஃபிங் கற்றுக்கொள்வது நல்லது. அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் வழி விடுகிறது என்பதைச் சிறகும் இறக்கையும் இல்லாமல், உடம்பாலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபாயிலைப் பழகுவதற்கு ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் போகலாம். ராமேசுவரம் தீவில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் காற்று பலமாகவும் நீர் தட்டையாகவும் இருக்கும். கைட்சர்ஃபிங் பள்ளிகள் அங்கே வேரூன்றியது அதனால்தான். நம் மாவட்டத்துக்குள்ளேயே என்றால் முட்டுக்காடு கழிமுகமும் முதலியார்குப்பத்தை ஒட்டிய ஒடியூர் ஏரியும் உண்டு. இரண்டிலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. அங்கே கேட்டு, அனுமதி பெற்று இறங்குங்கள். கோடையில் இரண்டிலும் நீர் வற்றித் திட்டுத் திட்டாக மணல் தெரியும். ஃபாயிலுக்குக் குறைந்தது ஒன்றேகால் மீட்டர் ஆழம் வேண்டும். ஒரு கழியை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்து ஆழம் அளந்த பிறகே சாமானைப் பிரியுங்கள். அடியில் சிப்பி ஓடு இருக்கும். காலில் ரப்பர் ஷூ இல்லாமல் இறங்கக் கூடாது.

காற்று

இந்தக் கரையில் ஆண்டின் காற்றை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.

மார்ச் முதல் மே வரை கடற்காற்று. நிலம் காய்ந்து கொதிக்கும். கடல் 29 பாகையை ஒட்டி நிற்கும். பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் காற்று கிழக்கே தொடங்கி, மெல்லத் தென்கிழக்குக்குத் திரும்பி, பிற்பகலில் தெற்கை ஒட்டி நிலைக்கும். 12 முதல் 18 நாட் வரை கிடைக்கும் பிற்பகல்கள் இந்தப் பருவத்தில்தான் வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். கையில் கருவி இல்லையென்றால் கடலைப் பாருங்கள்: அலைமுகட்டில் அங்கங்கே வெள்ளை நுரை வெடித்தால் 12 நாட்டை ஒட்டி இருக்கிறது என்று பொருள். கடலே வெள்ளையாகத் தெரிந்தால் 20ஐத் தாண்டிவிட்டது. கரையோரத்துச் சவுக்குத் தோப்பின் நுனிகள் ஒரே பக்கம் சாய்ந்து, நிமிராமல் நின்றால் காற்று சீராக இருக்கிறது. சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தால் விட்டு விட்டு அடிக்கிறது, அன்றைக்குச் சிறகை ஒரு அளவு குறைத்து எடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் கச்சான் வீசும், அதாவது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் மேற்குக் காற்று. இந்த அத்தியாயத்திலேயே மிக ஆபத்தான காட்சி அதுதான். கச்சான் அடிக்கும் காலையில் கரையோரம் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும்; அலை அழகாக உடையும்; காற்றும் மிதமாகத் தெரியும். தோப்பும் கட்டடங்களும் காற்றை மறைப்பதால் வரும் தோற்றம் அது. முந்நூறு மீட்டர் உள்ளே போனால் இருமடங்கு வேகத்தில் கடலுக்குள் தள்ளும். விழுந்தால், சிறகு கிழிந்தால், கை சோர்ந்தால், கிழக்கே அடுத்த நிலம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்தமான். கச்சானில் விங் எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். வெறும் சர்ஃப் போர்டோடு அலையாடுகிறவர்களுக்கு அது நல்ல காலை, நமக்கு இல்லை.

அதே நாளின் பிற்பகலில் கடற்காற்று வரலாம், வராமலும் போகலாம். மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று இரண்டு, மூன்று மணிக்குத்தான் கரையேறும். வரும்போது அடையாளம் தெரியும்: சூடான மேற்குக் காற்று அடங்கும், கொஞ்ச நேரம் இலை அசையாது, பிறகு கிழக்கிலிருந்து ஈரமான குளிர்ச்சி முகத்தில் படும். அது வந்து அரைமணி நேரம் நின்று வீசிய பிறகு இறங்குங்கள். வந்ததும் பாய்ந்தால், அது பின்வாங்கும்போது நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

அக்டோபர் பின்பாதியிலிருந்து வாடை. வடகிழக்கிலிருந்து வரும். நவம்பர், டிசம்பர் புயல் சின்னங்களின் காலம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையேறியது. வானிலை மையம் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்ன நாளில் நீங்களும் போகக் கூடாது. இதில் விவாதத்துக்கே இடமில்லை. புயல் ஏதும் இல்லாமலே தொலைதூர அலை வந்து கரையை அறையும் நாட்களும் உண்டு. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் உயர் அலை எச்சரிக்கைகளைத் தினமும் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் வாடை தணிந்து சீராகும். அந்தக் காற்று பழகியவர்களுக்கு நல்ல விருந்து.

காற்று மாறினால் எல்லாமே இடம் மாறும். கோடையில் கடலைப் பார்த்து நின்றால் காற்று வலப்பக்கம். உள்ளே போகும்போது வலது காலை முன்வைத்தவருக்கு வசதி. இடது காலை முன்வைத்துப் பழகியவர் காற்றைப் பார்த்தபடி, பழகாத நிலையில், உடையலையைத் தாண்ட வேண்டியிருக்கும். வாடையில் இது தலைகீழ். உங்கள் கால் எது என்பதை வைத்து உங்களுக்கான பருவம் எது என்று முடிவு செய்யலாம். நான் பார்த்தவரை, கோடையில் இங்கே திணறுகிற இடதுகால்காரர்கள் பலருக்கு ஜனவரியில் இதே கரை இலகுவாகிவிடுகிறது.

நீரோட்டமும் அப்படியே. ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை கரையோர ஓட்டம் வடக்கே. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தெற்கே. காற்றும் ஓட்டமும் ஒரே திசையில் தள்ளுவதால், கடலில் எவ்வளவு நேரம் இருக்கிறீர்களோ அவ்வளவு தூரம் நகர்ந்திருப்பீர்கள். கோடையில் இறங்கும் இடத்துக்கு வடக்கே, வாடையில் தெற்கே, குறைந்தது இரண்டு கரையேறும் இடங்களை முன்னமே நடந்து பார்த்து வையுங்கள்.

முதல் ஐம்பது மீட்டர்

இந்தக் கரையின் மணல் சரிவானது. நாலு அடி வைத்தால் இடுப்பு, இன்னும் கொஞ்சம் போனால் கால் நிலைக்காது. ஃபாயிலுக்கு ஆழம் சீக்கிரம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் அதே சரிவால்தான் அலை கடைசி நொடி வரை உடையாமல் வந்து, காலடியில் மொத்தமாகக் கவிழ்கிறது. அதற்கு அப்பால் ஒரு பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் ஒரு மணல்திட்டு, அதன்மேல் இரண்டாவது வரிசையாக அலை உடையும். ஆக, கரையலை, பள்ளம், வெளித்திட்டு என்று மூன்று படி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும்.

முதலில் உட்கார்ந்து பாருங்கள். கால்மணி நேரமாவது. பெரிய அலைகள் மூன்று, நான்கு, ஐந்து என்று கூட்டமாக வரும், பிறகு ஓய்வு. மீனவர்கள் ஃபைபர் படகைத் தள்ளுவதைக் கவனித்திருக்கிறீர்களா? படகு மணலில் தயாராக இருக்கும், ஆட்கள் இருபுறமும் பிடித்திருப்பார்கள், ஆனால் அசைய மாட்டார்கள். கடைசிப் பெரிய அலை உடைந்து திரும்பும்போதுதான் ஒரே மூச்சில் தள்ளுவார்கள். நமக்கும் அதே இடைவெளிதான். எங்கே அலை உடையாமல், நீர் கலங்கலாகக் கடலுக்குள் ஓடுகிறதோ, அது உள்ளே இழுக்கும் ஓட்டம். நீச்சல்காரரைக் கொல்லும் அதே ஓட்டம் விங் ஓட்டுகிறவருக்கு வெளியேறும் வழியாகப் பயன்படும், அதன் அகலத்தை நீங்கள் கண்ணால் அளந்திருந்தால். கரைக்குத் திரும்பும்போது மட்டும் அதன் வாயில் நிற்காதீர்கள்.

சாமானைத் தூக்குவதில் ஒரே விதி: சிறகு காற்று போகும் பக்கம், போர்டு காற்று வரும் பக்கம். கோடைக் காற்றில் கடலைப் பார்த்து நடக்கும்போது வலக்கையில் போர்டு, இடக்கையில் சிறகின் முன்பிடி. மாற்றிப் பிடித்தால் காற்று சிறகைத் தூக்கி இறக்கையின் கூர்முனையில் போட்டுக் கிழித்துவிடும். போர்டைத் தலைகீழாக, ஃபாயில் வானைப் பார்க்க, மாஸ்ட்டைப் பிடித்துத் தூக்குங்கள்; போர்டின் மூக்கு அலையைப் பார்க்கட்டும். போர்டு எப்போதும் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அலைக்கும் உங்களுக்கும் நடுவே போர்டு வந்தால், அடுத்த அலை அதைத் தூக்கி உங்கள் முழங்காலிலோ முகத்திலோ அடிக்கும். இங்கே நடக்கும் காயங்களில் பெரும்பாலானவை இடுப்பளவு நீரில், ஆள் பறந்துகொண்டிருக்காதபோது நடப்பவை.

கடைசிப் பெரிய அலை உடைந்து பின்வாங்கும் நீரோடு நீங்களும் இறங்குங்கள். தயங்கி நடுவில் நிற்காதீர்கள். நின்றால் அடுத்தது அங்கேயே கவிழும். பள்ளத்துக்குள் வந்ததும் போர்டைப் புரட்டி, மண்டியிட்டு ஏறி, சிறகைத் தூக்குங்கள். இங்கே ஒரு நிமிடம் மூச்சு வாங்கலாம். வெளித்திட்டில் உடைந்த நுரை இடுப்புக்குக் கீழே என்றால் மண்டியிட்டபடியே தாண்டுங்கள். முன்னாலேயே எழுந்து பறக்கிறவர் போர்டை உயரே நிறுத்தி, நுரை வரும்போது எடையை முன்காலுக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் நுரை மூக்கைத் தூக்கி இறக்கை நீருக்கு வெளியே வந்துவிடும். நுரை மார்பளவு வருகிற நாளில் தாண்டப் பார்க்காதீர்கள். கரையிலேயே இருங்கள்.

திரும்பி வருவதுதான் கடினம். ஆனந்தமாகப் பறந்துவிட்டு, களைத்து, கரையைப் பார்த்ததும் நேராக ஓட்டி வந்து மணலில் இறங்கிவிடலாம் என்று தோன்றும். கரையலை உடையும் கரையில் ஃபாயிலில் நின்றபடி வரவே கூடாது. மாஸ்ட் மணலில் குத்தினால் போர்டு நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். பள்ளத்தில் வேகத்தைக் குறைத்து, போர்டை நீரில் அமர்த்தி, இறங்கி, தலைகீழாகப் புரட்டுங்கள். கடலைப் பார்த்துக் காத்திருங்கள். பெரிய அலைக் கூட்டம் உங்களைத் தாண்டிப் போகட்டும். கடைசி அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள். சிறகை முன்பிடியில் மட்டும் பிடித்து, கொடியைப்போல் பறக்க விடுங்கள். கால் மணலைத் தொட்டதும் ஓடுங்கள். அலை பிடித்துவிட்டால், போர்டைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். போர்டையும் உங்களையும் இணைக்கும் கயிறான லீஷ் இடுப்பு பெல்ட்டில் இருக்கட்டும், ஒரே இழுப்பில் கழலும் வகையாக. கழற்றி விடுங்கள். போர்டு மணலில் ஒதுங்கும். எலும்பு முறிந்தால் ஆறு மாதம்.

விழும்போது ஃபாயிலை விட்டு விலகி, உடம்பைத் தட்டையாக்கி விழுங்கள். தலையால் பாயாதீர்கள். மேலே வரும்போது இரு கையாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். ஹெல்மெட்டும் நெஞ்சை மூடும் இம்பாக்ட் வெஸ்ட்டும் இந்தக் கரையில் கட்டாயம்.

வலை

மணிக்கு முப்பது கிலோமீட்டரில் போகும் ஃபாயில் ஒரு வலையில் மாட்டினால், அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆள் சிறகுக்கு மேலே தூக்கி எறியப்படுவார். ஒருவருடைய வலையும் அறுந்திருக்கும். இரண்டாவது சேதத்தை முதலாவதற்குக் குறைவாக நினைக்காதீர்கள். அந்த வலைதான் அந்த வீட்டின் மாதம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கடல் காலியாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். தடை விசைப்படகுகளுக்கு. குப்பங்களின் சிறிய ஃபைபர் படகுகள் அப்போதும் போகும். நமக்கு நல்ல காற்று கிடைக்கும் மாதங்களும் அவையே. ஆகவே இறங்குமுன் கரையில் வலை பழுதுபார்க்கும் ஒருவரிடம் கேளுங்கள். பட்டிப்புலத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டபோது அவர் கையில் இருந்த ஊசியைக் கீழே வைக்காமலே முகவாயால் கடலைக் காட்டினார்.

“ரெண்டு கொடி தெரியுதா தம்பி? கறுப்பு. ஒண்ணு கிட்டக்க, ஒண்ணு தள்ளி.”

“தெரியுது ஐயா.”

“அந்த ரெண்டுக்கும் நடுவால போவாத. வெளியால சுத்திக்கினு போ. அஞ்சு மணிக்கு எடுத்துருவோம், அப்பால எங்க வேணா போ.”

இவ்வளவுதான். வலையின் இரு முனையிலும் கொடி கட்டிய மிதவை இருக்கும். நடுவில் வலை கண்ணுக்குத் தெரியாது. வெயில் சாயும் நேரத்தில் கொடியும் தெரியாது. கரைவலை இழுக்கும் இடத்தில் கயிறு மணலிலிருந்து கடலுக்குள் நீண்ட தூரம் போகும். இழுத்து முடியும்வரை அந்தப் பக்கம் வேண்டாம். காலையில் படகுகள் கரையேறி ஏலம் நடக்கும் மணலில் போர்டைப் பரப்பாதீர்கள். கோயில் திருவிழா, துக்கம் என்று குப்பம் கடலுக்குப் போகாத நாட்களில் நீங்கள் இறங்கலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையை ஒட்டி வரும். மேல்நீரில் மிதந்து மூச்சு வாங்கும் ஆமைமேல் இறக்கை பட்டால் ஓடு பிளந்துவிடும். அந்த மாதங்களில் பார்வையைப் போர்டில் வைக்காமல் முன்னே நாற்பது மீட்டரில் வையுங்கள்.

எங்கே இறங்குவது, எங்கே கூடாது

கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. வண்டி நிறுத்தம், குளியலறை, ஆள் நடமாட்டம் எல்லாம் உண்டு. குளிக்க வருகிறவர்களின் கூட்டமும் உண்டு. வார நாட்களில், குளிக்கும் பகுதியை விட்டு நன்றாக விலகி இறங்குங்கள். கோவளத்தில் கல்லால் கட்டிய தூண்டில் வளைவுகள் கடலுக்குள் நீள்கின்றன. அவற்றின் ஓரமாக நீர் வெளியே இழுக்கும், காற்றும் ஓட்டமும் உங்களைக் கல்மேல் தள்ளும். கல் உங்களுக்குக் காற்று வரும் பக்கத்தில் இருக்குமாறு இடம் பாருங்கள், போகும் பக்கத்தில் வேண்டாம்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை ஒட்டிய நீர் ஃபாயிலுக்கு உரியதல்ல. கோயிலைக் காக்கக் கொட்டிய கற்களும் இயற்கைப் பாறைகளும் நீருக்குள் தொடர்கின்றன. 2002இல் கடலடி ஆய்வாளர்கள் இங்கே 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டுமான எச்சங்களைக் கண்டார்கள். அலைச்சறுக்குப் போட்டிக்கு ஏற்ற கரை எல்லாமே ஃபாயிலுக்கு ஏற்றதாகிவிடாது. வடக்கே தேவனேரி, சாளுவன்குப்பம், பட்டிப்புலம் பக்கம் மணல் மட்டும்தான்.

தேர்ந்தவர்களுக்குக் கோடைக் காற்றில் ஓர் அருமையான ஓட்டம் இருக்கிறது: தேவனேரியில் இறங்கி, காற்றோடு வடக்கே, கோவளம் வரை, ஏறக்குறைய 18 கிலோமீட்டர். கடலிலிருந்து பார்க்கும்போது நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமும், அதற்கு வடக்கே வடநெம்மேலி முதலைப் பண்ணையின் மரங்களும் நல்ல அடையாளம். சுத்திகரிப்பு நிலையத்துக்கு எதிரே கடலுக்குள் குழாய்கள் போகின்றன, அங்கே நன்கு வெளியே சுற்றிப் போங்கள். வழியெல்லாம் குப்பங்களிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சந்து உண்டு. எங்கே கை சோர்ந்தாலும் ஏறிவிடலாம்.

வாடையில் இந்த ஓட்டத்தைத் தலைகீழாகப் போடலாம் என்று சிலருக்குத் தோன்றும். கோவளத்தில் தொடங்கித் தேவனேரியில் முடித்தால் சரி. மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போகாதீர்கள். கொக்கிலமேட்டுக்கு அப்பால் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கரை. அங்கே ஒதுங்குவது சட்டச் சிக்கல். வாடையும் ஓட்டமும் சேர்ந்து உங்களை அங்கேதான் கொண்டுபோகும்.

கல்பாக்கத்துக்கும் பாலாற்று முகத்துக்கும் தெற்கே கரை முற்றிலும் வேறு. கடலூர் என்ற கிராமத்தின் குப்பங்கள், பரமன்கேணி, அதற்கு அப்பால் ஆலம்பரை. மைல்கணக்கில் மணலும் சவுக்கும் பனையும்தான். உயிர்காப்பாளர் கிடையாது, கைபேசி சிக்னல் விட்டு விட்டு வரும், கழிமுகங்கள் பருவத்துக்கு ஒரு முறை வாயை மாற்றிக்கொள்ளும். ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த செங்கல் சுவர் கழிமுகத்தைப் பார்த்து நிற்கிறது. 1760இல் ஆங்கிலேயர் அதைத் தகர்த்தார்கள். கழிமுக நீர் பழகுவதற்கு அழகான இடம். ஆனால் வடிநீர் கடலுக்கு ஓடும் நேரத்தில் முகத்துவாரத்தை நெருங்கக் கூடாது. ஓதம் இங்கே ஒரு மீட்டரை ஒட்டித்தான் என்றாலும், அந்தக் குறுகலான வாயில் நீர் ஆற்றின் வேகத்தில் ஓடும். இந்தத் தெற்குக் கரைக்குத் தனியாகப் போகாதீர்கள். கடலில் இருவர், கரையில் ஒருவர், கரையில் இருப்பவரிடம் தூரக்கண்ணாடி. இதற்குக் குறைவான ஏற்பாட்டோடு அங்கே இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சாமானும் உடம்பும்

இந்த விளையாட்டைப் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் குளிர்கடல் நாட்டவர் எழுதியவை. ஐந்து மில்லிமீட்டர் ரப்பர் உடை, கையுறை, விறைத்துப்போகும் விரல் என்று எச்சரிப்பார்கள். நமக்கு எதிரி வெயில். முழுக்கை லைக்ரா, கழுத்தை மூடும் துணி, இறங்குமுன் அரை லிட்டர் தண்ணீர், ஒவ்வொரு மணிக்கும் கரையேறி உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். விரல் நடுங்கினாலோ வியர்வை நின்றாலோ அன்றைக்கு முடிந்தது. தெற்கிலிருந்து கரையை ஒட்டிக் காற்று பல நாள் விடாமல் வீசும்போது மேல்நீர் கடலுக்குள் ஒதுங்கி அடிநீர் மேலேறும். மே, ஜூனில் அப்படி நீர் திடீரென்று சில்லென்றிருக்கும் நாட்கள் வருவதுண்டு. அப்போது மட்டும் இரண்டு மில்லிமீட்டர் மேலுடை சுகமாக இருக்கும். சொறி மீன் கொட்டினால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் கழுவி, இழைகளை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒற்றடம்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் இங்கே 5 அல்லது 6 சதுரமீட்டர் சிறகோடு பெரும்பாலான கோடைப் பிற்பகல்களைக் கழித்துவிடலாம். 18 நாட்டைத் தாண்டினால் 4. போர்டு 95 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பள்ளத்தில் மண்டியிட்டுக் காத்திருக்க மிதப்பு வேண்டும். முன்னிறக்கை 1500 சதுர சென்டிமீட்டர் அளவில் பெரியதாக எடுங்கள். கடற்காற்று தளரும்போது அது உங்களைக் கரைவரை கொண்டுவரும்.

காற்றடைத்த சிறகை வெயில் மணலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். எட்டு பி.எஸ்.ஐ. அடைத்த குழாய், முப்பது பாகையிலிருந்து அறுபதுக்குச் சூடேறினால் பத்தைத் தாண்டும், தையல் விடும். நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். மாஸ்ட் அலுமினியம், திருகு ஸ்டீல் என்றால் உப்பில் இரண்டும் பிடித்துக்கொள்ளும். அன்று இரவே எல்லாத் திருகையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் தடவி வையுங்கள்.

மாலை ஐந்து மணிக்குள் கரையேறும்படி கணக்குப் போடுங்கள். கிழக்குக் கரையில் திரும்பி வரும்போது முகத்துக்கு நேரே சாயும் வெயில் இருக்கும். கொடியும் தெரியாது, கரையில் நிற்பவர் கைகாட்டுவதும் தெரியாது. கரையில் நிற்பவர் கைபேசியில் மூன்று எண்களைப் பதிந்து வைத்திருக்கட்டும்: கடலோரக் காவல்துறைக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, ஆம்புலன்ஸுக்கு 108. ஆனால் கடலில் ஒருவர் தள்ளிப் போகிறார் என்றால் முதலில் ஓட வேண்டியது குப்பத்துக்கு. பக்கத்தில் இருக்கும் ஃபைபர் படகு வருவதற்குள் வேறெதுவும் வராது. 108க்குப் பேசும்போது “பீச்” என்று சொன்னால் வண்டி வந்து சேராது. குப்பத்தின் பெயர், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து திரும்பும் இடத்தில் இருக்கும் கோயிலோ கடையோ, அந்தச் சந்தில் ஆம்புலன்ஸ் நுழையுமா என்பது, இந்த மூன்றையும் அன்று பகலிலேயே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.